பழைய கணினியின் சி டிரைவை விஎம் ஆக்கி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் என் மாமா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், எல்லாம் ஒரே விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான். பவர் பட்டனை நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை ஆன் ஆகும் என்ற நிலைக்கு அது வந்தபோது, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படியெடுத்துப் புது லேப்டாப்புக்குள் விஎம்மாக ஓட வைத்துக் கொடுத்தேன். விஎம் என்றால் வர்ச்சுவல் மெஷின், அதாவது உங்கள் கணினியில் ஒரு ஜன்னலுக்குள் ஓடும் இன்னொரு கணினி. அதன்பிறகு பக்கத்துக் கடைக்காரர்கள், ஆடிட்டர் ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டவைதான் கீழே இருக்கின்றன.

ஃபைல்களை மட்டும் பென்டிரைவில் காப்பி எடுத்தால் போதாதா?

பலருக்குப் போதும். போட்டோ, வேர்டு, எக்ஸெல் மட்டும்தான் என்றால் காப்பி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம், வீணாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டாம். இந்த வேலை யாருக்கு என்றால், ஃபைல் கையில் இருந்தும் அதைத் திறக்கும் ஏற்பாடு கையில் இல்லாதவர்களுக்கு. மாமாவிடம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த இருபது வருடத்து ஃபைல்கள் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இன்றைய பதிப்பு அந்த ஃபைல்களைத் திறப்பதில்லை. சரி, பேஜ்மேக்கரையே புதுக் கணினியில் போடலாம் என்றால் அதன் சிடி எங்கே, சீரியல் நம்பர் எங்கே, தமிழ் தட்டச்சு மென்பொருளை நிறுவிக் கொடுத்த ஆள் எங்கே? அந்த ஏற்பாடு முழுவதும் உருப்படியாக இருக்கும் ஒரே இடம் அந்த சி டிரைவ்.

அந்த டிஸ்க்கையே கழற்றிப் புதுக் கணினியில் மாட்டினால் ஓடாதா?

எக்ஸ்பி என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக ஓடாது. பழைய ஐடிஇ டிஸ்க்கின் நாற்பது ஊசிக் கேபிளைச் செருகப் புது மதர்போர்டில் இடமே இருக்காது. இருந்தாலும் டிரைவர்கள் பொருந்தாது. விண்டோஸ் 10 ஓடிய டிஸ்க் பல நேரம் ஓடிவிடும், அது வேறு கதை.

என்னென்ன வாங்க வேண்டும்?

பழைய ஐடிஇ, அதற்குப் பின் வந்த சாட்டா, இரண்டு வகை டிஸ்க்குக்கும் வாயுள்ள ஒரு யுஎஸ்பி அடாப்டர். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் 12 வோல்ட் பவர் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், மூன்றரை அங்குல டிஸ்க் யுஎஸ்பி கரண்டில் மட்டும் சுற்றாது. பழைய லேப்டாப் டிஸ்க் என்றால் 44 ஊசி, அதற்குத் தனி வாய். ஐடிஇ டிஸ்க்கின் பின்பக்கம் குட்டி ஜம்பர் ஒன்று இருக்கும், அது மாஸ்டரில் இருக்கட்டும். இது போக, பழைய டிஸ்க்கின் முழு அளவுக்கும் காலி இடம் உள்ள ஒரு டிஸ்க், குறைந்தது 8 ஜிபி ரேம் உள்ள கணினி. அந்தக் காலி டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

இமேஜ் எப்படி எடுப்பது?

இமேஜ் என்றால் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக எடுத்த படி. அதற்கு இரண்டு வழி. பழைய கணினி இன்னும் ஆன் ஆகிறது, அதில் இருப்பது விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஷேடோ காப்பி எடுத்து விஎச்டி (வர்ச்சுவல் ஹார்ட் டிஸ்க்) ஃபைலாக எழுதிவிடும். சி டிரைவை மட்டும் டிக் செய்துவிட்டு, மேலே பெயரில்லாமல் இருக்கும் 100 எம்பி பார்ட்டிஷனை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 7இல் பூட் ஆகும் விஷயமே பெரும்பாலும் அந்த 100 எம்பியில்தான் இருக்கிறது. எழுதும் இடம் வேறு டிஸ்க்காக இருக்கட்டும்.

இரண்டாவது வழி, நான் எப்போதும் செய்வது: டிஸ்க்கைக் கழற்றி, அடாப்டர் வழியாக லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே எழும் லினக்ஸ்) ஓடும் ஒரு கணினியில் மாட்டி, முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை ஒரே ஃபைலாகப் படியெடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. அதற்கு எந்த டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும்போது டிஸ்க்கின் அளவையும் மாடல் நம்பரையும் லேபிளோடு ஒப்பிட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கின் வெறுமை உங்கள் சி டிரைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு யாரிடமும் போய் நிற்க முடியாது.

விண்டோஸிலேயே மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் முதல் தடவை ஒரு நண்பனின் டிஸ்க்கை மாட்டினேன். மாட்டிய உடனே 'இந்த டிரைவில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டது, நல்ல பிள்ளை மாதிரி கேட்கிறதே என்று சரி கொடுத்துவிட்டேன். முடிந்து பார்த்தால் அவனுடைய ஒரு ஃபோல்டரையே காணவில்லை. அதற்குப் பதில் ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயர் போன நூற்றுக்கணக்கான துண்டு ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து இது பில்லா, இது கடிதமா என்று பிரிக்க மூன்று ராத்திரி ஆனது. இமேஜ் எடுத்து முடிக்கும்வரை மூல டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. ரிப்பேர், ஸ்கேன், வைரஸ் கிளீனிங், எல்லாவற்றையும் அப்புறம் இமேஜின் நகலில் செய்துகொள்ளலாம்.

டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது. என்ன செய்யலாம்?

சீராக டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். அதில் உள்ளது உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். சத்தம் இல்லை, சில இடங்களில் மட்டும் படிக்கத் திணறுகிறது என்றால் டிடிரெஸ்க்யூவே கைகொடுக்கும். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, மக்கர் பண்ணும் செக்டார்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மே மாத சென்னையில் இது சின்ன வசதி இல்லை. அந்தக் குறிப்பு ஃபைலை லைவ் பென்டிரைவின் தற்காலிக இடத்தில் வைக்காமல், இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வையுங்கள்.

2015 வெள்ளத்தில் நனைந்த கணினி, அன்றிலிருந்து பரணில் கிடக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு குட்டித் துளை உண்டு, நீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம். காய்ந்த சேறு படிந்த தட்டின் மேல் ஹெட் ஓடினால் தட்டையே சுரண்டிவிடும். ஆன் செய்யாமல் ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

பழைய யுஎஸ்பி 2 அடாப்டரில் நொடிக்கு 30 எம்பி வந்தால் நல்ல வேகம். அந்தக் கணக்கில் 80 ஜிபி டிஸ்க்குக்கு முக்கால் மணி நேரம், 500 ஜிபிக்கு நாலரை மணிக்கு மேல். லேப்டாப்பின் ஸ்லீப்பை மட்டும் அணைத்து வையுங்கள்.

விஎம்முக்கு எந்த மென்பொருள் நல்லது?

நான் பயன்படுத்துவது வர்ச்சுவல்பாக்ஸ். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், விஎச்டி ஃபைலை அப்படியே ஏற்கும், லினக்ஸில் எடுத்த இமேஜைத் தன் விடிஐ வடிவத்துக்கு மாற்றவும் கூடவே கருவி தருகிறது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், திரை அதில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது, ஆனால் யுஎஸ்பி டாங்கிளை (சில மென்பொருள்கள் ஓடுவதற்குச் செருகியிருக்க வேண்டிய உரிமச் சாவி) அதற்குள் கொடுப்பது பெரிய தலைவலி, அதனால் கடைக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

விஎம்மில் புதிதாக டிஸ்க் உருவாக்காமல் 'இருக்கிற டிஸ்க்கைப் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேம் தாராளம், விண்டோஸ் 7க்கு 2 ஜிபி கொடுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்பே ஒரு ஸ்னாப்ஷாட். பூட் ஆகாமல் நீங்கள் பத்து விதமாக நோண்டப் போகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப அது வேண்டும்.

நீலத்திரை வந்து உடனே ரீஸ்டார்ட் ஆகிறது!

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. முதலில் எஃப்8 தட்டி, பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் நீலத்திரை நின்று முகம் காட்டும். அதில் ஸ்டாப் என்று தொடங்கும் எண் 7பி என்று முடிகிறதா? அப்படியென்றால் பயப்பட ஒன்றும் இல்லை, உங்கள் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, தன் டிஸ்க்கை அதனால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பழைய மதர்போர்டில் இருந்த டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு விழிக்கிறது. வீடு மாறிய பிறகும் பழைய சாவியோடு வாசலில் நிற்கும் கதை.

விஎம் அமைப்பில் டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் தொங்குகிறது என்று பாருங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்பிக்கு ஐடிஇயும் விண்டோஸ் 7க்கு சாட்டாவும் தானாக வைக்கும். விண்டோஸ் 7 அடம் பிடித்தால் டிஸ்க்கை சாட்டாவிலிருந்து எடுத்து ஐடிஇயில் மாட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா, இமேஜின் நகலை விண்டோஸில் மவுன்ட் செய்து, அதன் சிஸ்டம் ரிஜிஸ்ட்ரியை ரெஜ்எடிட்டில் ஏற்றி, கன்ட்ரோல்செட்001இன் சர்வீசஸ் பகுதியில் ஏடிஏபிஐ, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ, எம்எஸ்ஏஎச்சிஐ ஆகிய நான்கின் ஸ்டார்ட் மதிப்பையும் பூஜ்யம் ஆக்குங்கள். பூஜ்யம் என்றால் பூட் ஆகும்போதே ஏற்று என்று பொருள்.

எக்ஸ்பிக்கு இது மட்டும் போதாது, எந்த வன்பொருளுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் அதில் தனியாக இருக்கிறது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் சுலபமான வழி ஒன்று உண்டு: இமேஜ் எடுப்பதற்கு முன்பே டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை 'ஸ்டாண்டர்ட் டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ' என்பதற்கு மாற்றி, கணினியை அணைத்து, அதற்கப்புறம் டிஸ்க்கைக் கழற்றுவது. கணினி செத்துவிட்டதென்றால் எக்ஸ்பி சிடியை விஎம்மில் போட்டு ரிப்பேர் இன்ஸ்டால் கொடுங்கள். நிறுவும் திரையில் முதலில் வரும் ரிப்பேர் அல்ல, லைசென்ஸுக்கு எஃப்8 தட்டிய பிறகு இரண்டாவதாக வரும் ரிப்பேர். அது விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும், உங்கள் மென்பொருளும் ஃபான்ட்டும் அப்படியே இருக்கும். மாமாவின் கணினிக்கு இதைத்தான் செய்தேன்.

எண் 7பி இல்லை, வேறு ஏதோ என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, விஎம் அமைப்பில் ஐஓ ஏபிஐசியை ஆன் செய்து பாருங்கள், இரண்டு கோர் கணினியிலிருந்து வந்த எக்ஸ்பி அது இல்லாமல் எழாது. இரண்டு, இன்டெல்பிபிஎம் என்ற டிரைவர். நிஜ இன்டெல் பிராசஸரின் மின்சாரச் சிக்கனத்தைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை, விஎம்முக்குள் குழம்பிப்போகும். அதன் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கினால் அடங்கிவிடும்.

நீலத்திரைகூட வரவில்லை, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது.

பூட் பார்ட்டிஷன் வரவில்லை, அல்லது கணினியை எழுப்பும் பழைய முறையான பயாஸும் புது முறையான யுஇஎஃப்ஐயும் மாறிக் கிடக்கின்றன. டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு புது வகையான ஜிபிடியாக இருந்தால் விஎம் அமைப்பில் இஎஃப்ஐயை ஆன் செய்யுங்கள், பழைய வகையான எம்பிஆராக இருந்தால் ஆஃப். எக்ஸ்பி எப்போதும் ஆஃப்தான்.

விண்டோஸ் 10 டிஸ்க், ரெக்கவரி கீ கேட்கிறது.

பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. பழைய கணினியின் டிபிஎம் சில்லில் இருந்த சாவி விஎம்மில் கிடையாது. 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், போய்ப் பாருங்கள். கிடைக்கவில்லை, பழைய கணினி மட்டும் ஓடுகிறது என்றால், அதில் பிட்லாக்கரை எடுத்துவிட்டு மறுபடி இமேஜ் எடுங்கள்.

ஆக்டிவேஷன் கேட்குமா? சட்டப்படி சரியா?

கேட்கும். இவ்வளவு வன்பொருள் ஒரே நாளில் மாறினால் எக்ஸ்பி மூன்று நாள் அவகாசம் கொடுக்கும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் என்றால் அது தயாரிப்பாளரின் அடையாளத்தை பயாஸில் தேடும், விஎம்மில் அது இருக்காது. ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, விஎம்முக்கு வராது என்பதுதான் நேர்மையான பதில். தனியாகப் பெட்டியில் வாங்கிய ரீடெயில் என்றால், பழையதில் நிறுத்திவிட்டு இதில் ஓட்டலாம். கிராக் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கணக்கு மென்பொருள்களும் பெரும்பாலும் கணினியின் அடையாளத்தைப் பார்த்துத்தான் உரிமம் தருகின்றன. பழைய கணினி ஓடும்போதே உரிமத்தை முறையாகத் திரும்ப ஒப்படைத்துவிட்டு வந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

டாங்கிள் வேலை செய்யுமா?

யுஎஸ்பி டாங்கிள் என்றால் பெரும்பாலும் செய்யும், விஎம் அமைப்பின் யுஎஸ்பி பகுதியில் அதை ஒரு ஃபில்டராகச் சேர்த்துவிடுங்கள். பிரிண்டர் போர்ட்டில் சொருகும் அந்தக் காலத்துப் பெரிய டாங்கிள் என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். யுஎஸ்பியிலிருந்து பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிள் பிரிண்டருக்குத்தான் ஆகும், டாங்கிளுக்கு ஆகாது.

தமிழ் தட்டச்சு அதே மாதிரி வருமா?

மாமா கடையில் விஎம் முதன்முதலாக எழுந்ததும், இருபது வருடமாக அங்கே டைப் அடிக்கும் அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீபோர்டில் கையை வைத்து, 'நிகழும் மங்களகரமான' என்று அடித்தார். வந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து, "சரி தம்பி, ஓடுது" என்றார்.

கீபோர்டிலிருந்து விஎம்முக்குப் போவது விசையின் எண் மட்டும்தான், அதைத் தமிழாக்குவது உள்ளே இருக்கும் பழைய மென்பொருள். அதனால் பழைய தட்டச்சு முறையோ, தமிழ்99ஓ, எதுவானாலும் அப்படியே வரும். வெளியே, புது விண்டோஸில் தமிழ் கீபோர்டை ஆன் செய்து வைக்காதீர்கள், இரண்டும் சண்டை போடும். வர்ச்சுவல்பாக்ஸ் வலது கன்ட்ரோல் விசையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு சேவ் செய்ய வலது கன்ட்ரோல்தான் பழக்கம், அன்றைக்கு முழுவதும் "சேவ் ஆகமாட்டேங்குது தம்பி" என்று போன் மேல் போன். அமைப்பில் ஹோஸ்ட் கீயை, அதாவது வர்ச்சுவல்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும் அந்த விசையை, ஸ்க்ரோல் லாக்குக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

ஃபான்ட்டும் உள்ளேயே இருப்பதால் கவலை இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஃபான்ட்டுகள் யூனிகோடு அல்ல. 1999இல் தமிழக அரசு டாம், டேப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது, அதற்கு முன்பே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒன்று வைத்திருந்தது, பல கடைகள் இன்னும் அதிலேயே இருக்கின்றன. அரசு யூனிகோடுக்கு வந்தது 2010இல். அதனால் விஎம்மிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து வெளியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால், தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். அதை யூனிகோடாக மாற்றும் இலவச நிரல்கள் நிறைய இருக்கின்றன, உங்கள் ஃபான்ட் எந்த வகை என்று தெரிந்தால் போதும். மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணால் படித்துப் பாருங்கள். மணமகன் பெயரில் ஒரு புள்ளி போனாலும் ஐந்நூறு பத்திரிகை வீண்.

பிரிண்டர்?

விஎம்முக்குள் பிரிண்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். உள்ளே பிடிஎஃப் ஆக்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து, புது விண்டோஸிலிருந்து பிரிண்ட் கொடுங்கள். ஷேர்டு ஃபோல்டருக்கு, வர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரலை விஎம்முக்குள் நிறுவியிருக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸில் பில் அடிப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, பிரிண்டர் யுஎஸ்பி என்றால் நேராக விஎம்முக்குள் கொடுத்துவிடலாம்.

உள்ளே இன்டர்நெட் தரலாமா?

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில். 2017இல் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது பழைய ஃபைல் ஷேரிங் முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். விஎம் அமைப்பில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஒரு டிக்தான். பேஜ்மேக்கருக்கு எதற்கு இன்டர்நெட்?

ரொம்ப மெதுவாக இருக்கிறது.

விஎம்முக்கு பிராசஸர் தரும் உதவியான விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி பயாஸில் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விஎம் ஜன்னலின் அடியில் ஆமைப் படம் தெரிந்தால், வெளியே விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. பழைய கணினியின் கிராபிக்ஸ் டிரைவர், சவுண்ட் டிரைவர், காலாவதியான ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் உள்ளே அன்இன்ஸ்டால் செய்யுங்கள், இல்லாத சாமான்களைத் தேடிக்கொண்டே இருக்கும். இமேஜ் எஸ்எஸ்டியில் இருந்தால் எக்ஸ்பி அன்று ஓடியதைவிட வேகமாகவே ஓடும்.

ஆப்பிளின் எம்1, எம்2 லேப்டாப்பில்?

சில்லின் வகையே வேறு. யூடிஎம் போன்ற விஎம் நிரல்கள் பழைய கணினியின் சில்லை நடித்துக் காட்டும், எக்ஸ்பி தவழ்ந்து ஓடும். அவசரத்துக்கு ஒரு ஃபைலைத் திறக்கலாம், தினசரி வேலைக்கு ஆகாது.

பழைய கணினியை எடைக்குப் போட்டுவிடலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் கடையின் எல்லா வேலையும் விஎம்மிலேயே நடக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்கும் அந்த ஒரு மென்பொருளையும் திறந்து பாருங்கள். மூல இமேஜின் ஒரு நகலை வேறு டிஸ்க்கில் எழுதி வேறு வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு டிஸ்க்கை மட்டும் கழற்றி, தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதை இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். மாமாவிடம் இதைச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. கேபினெட் இன்னும் மேஜைக்கடியில்தான் இருக்கிறது, ஆண்டர்சன் தெருவிலிருந்து வரும் பத்திரிகை அட்டைக் கட்டுகளை அதன் மேல்தான் அடுக்குகிறார்.